பனிச்சறுக்குத் தலங்கள்: சரிவும் சாலையும்

இமயமலையின் மேற்குப் பகுதியில் வாழும் மக்களுக்குக் குளிர்காலம் நெடுங்காலம் வரை வருவாயற்ற பருவமாகவே இருந்து வந்தது. வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் பனியின் கீழ் மறைந்துவிடும். குதிரைக்காரரும் சுமை தூக்குவோரும் வண்டியோட்டிகளும் வேலையின்றி வசந்தத்தை எதிர்நோக்கிக் காத்திருப்பர். இந்நிலையை ஓரளவேனும் மாற்றியமைத்த தொழில்களுள் பனிச்சறுக்குச் சுற்றுலா குறிப்பிடத்தக்கதாகும். டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும் ஏறத்தாழ 100 நாட்களுக்குள் ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கை ஈட்டியாக வேண்டிய தொழில் இது. எனவே, அந்நாட்களில் ஒரு மணி நேரம் வீணாவதும் பொருளாதார இழப்பே ஆகும்.

நம் நாட்டில் பனிச்சறுக்குத் தலம் ஒன்றுக்குச் செல்வோர் எதிர்கொள்ளும் கேள்விகள் மூன்று: எந்தச் சரிவில் சறுக்குவது? மேலே எவ்வாறு செல்வது? வண்டியை எங்கே நிறுத்துவது? பயணியின் வசதியைப் பற்றியவையாகத் தோன்றும் இக்கேள்விகள், உண்மையில் மலைப்பகுதி வளர்ச்சித் திட்டத்தின் அடிப்படைக் கேள்விகளே என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் வளர்ச்சியும்

காஷ்மீரின் பாராமுல்லா மாவட்டத்தில், கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்த குல்மார்க், இத்துறையில் நாட்டின் முதன்மைத் தலமாகும். 1927-ஆம் ஆண்டில் இங்கு ஆங்கிலேயர் பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1948-இல் இராணுவம் இங்குத் தொடங்கிய சறுக்குப் பள்ளியே பின்னர் உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. 1960-களின் இறுதியில் மத்திய சுற்றுலாத் துறையின் சார்பில் சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் ஒன்றும் இங்கு ஏற்படுத்தப்பட்டது.

பிரெஞ்சு நிறுவனமொன்றின் தொழில்நுட்பத்துடன் 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய கம்பிவட ஊர்தித் திட்டம், அதன் பின்னர் நிலவிய வன்முறைச் சூழலால் இடையில் தடைப்பட்டது. குல்மார்க்கிலிருந்து கொங்டூரி வரையிலான முதற்கட்டம் 1998-இலும், அங்கிருந்து அபர்வட் மலையின் தோள் வரையிலான இரண்டாங்கட்டம் 2005-இலும் இயங்கத் தொடங்கின. இரண்டாங்கட்டத்தின் மேல்நிலையம் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் உள்ளது.

உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்திலுள்ள ஔலி, இமாசலப் பிரதேசத்தில் மணாலியை அடுத்த சோலங் பள்ளத்தாக்கு, சிம்லாவுக்கு அப்பாலுள்ள நார்கண்டா ஆகியவை பிற முக்கியத் தலங்கள். 2011-ஆம் ஆண்டின் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளில் சறுக்குப் போட்டிகள் ஔலியில் நடைபெற்றன. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் 2020-இல் குல்மார்க்கில் முதன்முறையாக நடத்தப்பட்டன. குல்மார்க்கின் அடிவாரத்திலுள்ள டங்மார்க்கைச் சேர்ந்த ஆரிஃப் முகமது கான், 2022-ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்றார் என்பது, உள்ளூர்ச் சரிவுகளின் பயன் சுற்றுலாவோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்குச் சான்றாகும்.

சரிவைத் தேர்ந்தெடுத்தல்

சறுக்குத் தளங்களை அவற்றின் சாய்வைக் கொண்டு வகைப்படுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஐரோப்பிய முறையில், 100 மீட்டர் கிடைத்தூரத்திற்கு 25 மீட்டருக்கு மேல் இறங்காத தளம் நீல நிறத்தாலும், 40 மீட்டர் வரை இறங்குவது சிவப்பு நிறத்தாலும், அதனினும் செங்குத்தானது கறுப்பு நிறத்தாலும் குறிக்கப்பெறும். கோணத்தில் கூறினால், முதல் எல்லை சுமார் 14 பாகை. இரண்டாவது சுமார் 22 பாகை. பார்வைக்கு எளிதாகத் தோன்றும் 14 பாகைச் சரிவே முதன்முறை சறுக்குபவருக்கு அச்சம் தரப் போதுமானது.

குல்மார்க்கில் இவ்வேறுபாடு நிலத்தின் அமைப்பிலேயே தெளிவாக உள்ளது. புல்வெளிக் கிண்ணத்தைச் சுற்றியுள்ள மென்சரிவுகள் கற்றுக்கொள்வோருக்கு உரியவை. இங்குச் சறுக்குவோரை இழுத்துச் செல்லும் கம்பிகள் உண்டு. கொங்டூரியைச் சுற்றியுள்ளவை இடைநிலைத் திறனுடையோருக்கு ஏற்றவை. அபர்வட்டின் மேற்சரிவுகளோ, மரங்களற்ற, பெரும்பாலும் சீர்செய்யப்படாத இயற்கைப் பனிப்பரப்புகள். வெளிநாடுகளிலிருந்து தேர்ந்த சறுக்கு வீரர்களை ஈர்ப்பவை இவையே; ஆபத்து மிக்கவையும் இவையே.

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் நிகழ்கின்றன. அதனினும் குறைந்த சாய்வில் பனி எளிதில் நகர்வதில்லை. அதனினும் கூடிய சாய்வில் பனி அதிகம் தங்குவதில்லை. திறமைசாலிகள் விரும்பும் சாய்வும் இயற்கை அபாயம் மிகுந்த சாய்வும் ஒன்றாகவே அமைந்திருப்பது இவ்விளையாட்டின் அடிப்படைச் சிக்கலாகும். 2023 பிப்ரவரி முதல் நாளன்று அபர்வட் சரிவில் நேர்ந்த பனிச்சரிவில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர் இருவர் உயிரிழந்தனர். பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கைகளையும், தளக் காவலர்களின் தடைகளையும் மதித்து நடத்தல் ஒவ்வொருவரின் கடமையாகும். தன் திறனுக்கு ஒரு படி குறைந்த சரிவில் முதல் நாளைத் தொடங்குவதே அறிவுடைமை.

மேலே செல்லும் வழி

குல்மார்க் கம்பிவட ஊர்தியின் கொள்ளளவு மணிக்குச் சுமார் 600 பேர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இவ்வெண்ணைக் கொண்டு வரிசையின் தன்மையை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஓர் எடுத்துக்காட்டாக, காலையில் இரண்டு மணி நேரத்திற்கு மணிக்கு 900 பேர் வீதம் வருவதாகக் கொள்வோம். மொத்தம் வந்தோர் 1,800, மேலே சென்றோர் 1,200, எஞ்சியோர் 600. கடைசியாக வந்தவர் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதே 1,800 பேர் மூன்று மணி நேரத்தில் சீராக வந்திருப்பின் வரிசையே உருவாகியிராது. ஆகவே, நெரிசலுக்குக் காரணம் மொத்த எண்ணிக்கை மட்டுமன்று. அனைவரும் ஒரே வேளையில் வருவதும் காரணமாகும். இணையவழியில் நேரம் குறித்து முன்பதிவு செய்யும் முறையின் பொருளாதார நியாயம் இதுவே.

இங்கு மற்றொன்றையும் கருத வேண்டும். குளிர்காலத்தில் குல்மார்க் வருவோரில் பெரும்பாலோர் சறுக்குபவர் அல்லர். பனியைக் காண வருபவர். அவர்கள் ஒருமுறை மேலே சென்று திரும்புவர். சறுக்குபவரோ ஒரே நாளில் பலமுறை மேலே செல்ல விரும்புவர். இவ்விரு சாராரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது இருவருக்கும் குறையாகவே முடியும்.

வண்டியை எங்கே நிறுத்துவது?

சரிவைப் பற்றியும் ஊர்தியைப் பற்றியும் முன்கூட்டியே விசாரித்து வரும் பயணி, பெரும்பாலும் மறந்துவிடுவது வண்டி நிறுத்துமிடத்தையே. ஆனால் அவரது நாளின் சிறந்த பகுதியை விழுங்குவதும் அதுவே.

வாகன நிறுத்துமிடத்தின் திறன், அங்குள்ள இடங்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் பொறுத்தது. 200 வண்டிகள் நிற்கக்கூடிய ஓரிடத்தில் ஒவ்வொன்றும் 5 மணி நேரம் நிற்குமாயின், சராசரியாக மணிக்கு 40 வண்டிகளையே அது ஏற்க இயலும். நிற்கும் நேரம் 4 மணியாகக் குறையுமாயின் 50 வண்டிகளை ஏற்கும். கடைத்தெருவில் நிற்கும் வண்டி அரைமணியில் நகரும். சறுக்குத் தலத்தில் நிற்கும் வண்டியோ காலையில் வந்து மாலையில்தான் நகரும். எனவே, சமவெளி நகரங்களின் அளவுகோலைக் கொண்டு மலைத் தலங்களின் நிறுத்துமிடங்களைத் திட்டமிடுவது பொருந்தாது.

மேலும், பனி பொழிந்த நாளில் இருக்கும் இடமும் சுருங்குகிறது. சாலையிலிருந்து அகற்றிய பனியை ஓரத்தில்தான் குவிக்க முடியும்; அவ்வோரமே வண்டி நிறுத்துமிடம். பனி பொழியும் நாளில்தான் மக்கள் மிகுதியாக வருகின்றனர். அந்நாளில்தான் இடம் குறைவாக இருக்கிறது. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின்னர், புதுப்பனி விழும் நாட்களில் சோலங் பகுதியில் வண்டிகள் மணிக்கணக்கில் அசையாது நிற்பது பலமுறை நிகழ்ந்துள்ளது. சாலை விரைவானால் நெரிசல் தீரும் என்பது எப்போதும் உண்மையன்று. சாலை முடியும் இடத்தில் நிறுத்துமிடம் வளராத வரை, விரைவான சாலை நெரிசலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றவே செய்யும்.

அவ்வாறாயின் நிறுத்துமிடத்தைப் பெருக்கினால் போதாதா எனலாம். மலைச்சரிவில் சமநிலம் இயற்கையாகக் கிடைப்பதில்லை. வெட்டியே பெற வேண்டும். அவ்வாறு வெட்டுவதன் விலை என்ன என்பதற்கு ஜோஷிமட் ஓர் எச்சரிக்கை. பழைய நிலச்சரிவுப் படிவின் மீது அமைந்த அந்நகரில் பெருங்கட்டுமானங்கள் கூடா என 1976-ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு அறிவுறுத்தியது. 2023 ஜனவரியில் அங்கு வீடுகளும் சாலைகளும் வெடித்து நிலம் தாழ்ந்தபோது, ஜோஷிமட்டையும் ஔலியையும் இணைத்த ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளக் கம்பிவட ஊர்தியும் நிறுத்தப்பட்டது. வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு மக்களை மட்டும் மேலே கொண்டு சென்ற அவ்வூர்தி, நிறுத்துமிடப் பிரச்சினைக்கான தீர்வாகவும் விளங்கியது என்பது அதன் பின்னரே பலருக்குப் புலனாயிற்று.

கையாளத்தக்க வழிகள்

முதலாவது, வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்துதல். கடும்பனி நாட்களில் சங்கிலி பூட்டிய சக்கரங்களையோ நான்கு சக்கர இயக்கத்தையோ உடைய வண்டிகளை மட்டும் டங்மார்க்கிலிருந்து மேலே அனுமதிக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. பாதுகாப்புக்காக ஏற்பட்ட இவ்வொழுங்கை நெரிசல் மிக்க நாட்களுக்கும் விரித்து, பொதுப் பேருந்துகளை இடைவிடாது இயக்கலாம்.

இரண்டாவது, எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தல். ரோதாங் கணவாய்க்கு நாளொன்றுக்கு 800 பெட்ரோல் வண்டிகளும் 400 டீசல் வண்டிகளும் மட்டுமே செல்லலாம் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ஆம் ஆண்டையொட்டி விதித்த வரம்பு இதற்கு முன்மாதிரி.

மூன்றாவது, கட்டணத்தை நேரத்திற்கேற்ப மாற்றியமைத்தல். வார இறுதிக்கு ஒரு கட்டணமும், வாரநாளுக்கு அதனினும் குறைந்த கட்டணமும் விதித்தால் வருகை ஓரளவு பரவலாகும். ஆயினும், கட்டணம் ஒன்றையே கருவியாகக் கொண்டால், நாட்டின் பொதுச் செல்வமாகிய பனிமலை வசதி படைத்தோருக்கே உரியதாகிவிடும். எனவே வரம்பு, முன்பதிவு, கட்டணம் ஆகிய மூன்றையும் இணைத்தே கையாளுதல் வேண்டும்.

பயன் யாருக்கு?

இவ்விடத்தில் திட்டமிடுவோர் மறக்கலாகாத உண்மை ஒன்று உண்டு. குல்மார்க்கில் வண்டி நிறுத்துமிடத்திற்கும் கம்பிவட ஊர்தி நிலையத்திற்கும் இடையே கணிசமான நடைதூரம் உள்ளது. பயணிக்கு அது சலிப்பு. பனிவண்டி இழுப்பவருக்கோ அதுவே கூலி. காலணி வாடகைக்குத் தருவோர், வழிகாட்டிகள், டங்மார்க்கின் வாடகை வண்டியோட்டிகள் ஆகிய பலரின் குளிர்கால வாழ்க்கை அத்தூரத்தில் அடங்கியிருக்கிறது. நிறுத்துமிடத்தை நிலையத்தின் வாயிலுக்கே கொண்டு சென்றால் பயணியின் முணுமுணுப்பு ஓயும். ஆனால் பல குடும்பங்களின் அடுப்பும் அணையக்கூடும். மறுபுறம், கட்டணம் குறித்த ஓயாத பேரமும் தொந்தரவும் பயணியை மறுமுறை வரவிடாமல் செய்தால் இழப்பு அவர்களுக்கே. அறிவிக்கப்பட்ட கட்டணம், பதிவு பெற்ற தொழிலாளர், முறைவைத்து வேலை பகிர்தல் ஆகியவற்றைக் கூட்டுறவு அடிப்படையில் ஏற்படுத்துவது இரு தரப்புக்கும் நன்மை பயக்கும். பேருந்து முறை கொணரப்படுமிடத்து, அதனை நடத்தும் உரிமையில் உள்ளூர் வண்டியோட்டிகளுக்கே முதலிடம் அளித்தல் நியாயமாகும்.

இவை அனைத்திற்கும் அடிப்படை பனியே. மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுச் சுழற்சிகளே இப்பனியைக் கொணர்கின்றன. டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் நீடிக்கும் கடுங்குளிர்ப் பருவத்தைக் காஷ்மீரிகள் சில்லைக் கலான் என அழைப்பர். நின்று நிலைக்கும் பனி பொழிய வேண்டிய காலம் அதுவே. 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் குல்மார்க் பனியின்றி வறண்டு கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கு நடைபெறவிருந்த கேலோ இந்தியா போட்டிகள் பனிக்குறைவால் மார்ச் மாதத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டன. பருவம் சுருங்கினால் அதே கூட்டம் குறைந்த நாட்களில் குவியும். நெரிசல் மேலும் கடுமையாகும்.

ஆதலால், மலைத் தலத்தின் வளர்ச்சியை வருவோரின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளவிடுவது போதாது. வந்தவர் எத்தனை மணி நேரம் சரிவில் செலவிட்டார், எத்தனை மணி நேரம் சாலையில் காத்திருந்தார், அவர் செலவிட்ட ரூபாயில் எவ்வளவு பள்ளத்தாக்கிலேயே தங்கிற்று என்னும் மூன்று கணக்குகளையும் மாவட்ட நிர்வாகங்கள் ஆண்டுதோறும் எடுக்கத் தொடங்கினால், அடுத்த சாலைக்கும் அடுத்த நிறுத்துமிடத்திற்கும் நிதி ஒதுக்கும் முன் எதைக் கேட்க வேண்டும் என்பது தானே விளங்கும்.