வளர்ப்புப் பல்லியை வீட்டில் விட்டுப் பயணம் போகிறீர்களா?

நீண்ட வார இறுதி, மார்ச் விடுமுறை, கிறிஸ்மஸ் விடுமுறை என்று வந்துவிட்டால் ரொறன்ரோவில் வாழும் நம்மவர்களில் பலர் குடும்பத்தோடு மொன்றியலுக்கோ ஒட்டாவாவுக்கோ புறப்பட்டு விடுகிறார்கள். நாயையும் பூனையையும் யாரிடம் விடுவது என்று முன்கூட்டியே யோசிப்பவர்கள்கூட, பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய பல்லியைக் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறார்கள். "ஊரிலே சுவரில் ஓடுற பல்லிக்கு யார் சாப்பாடு வைச்சது? அது தன்பாட்டிலே இருக்கும்" என்பார் ஒருவர். "அம்மம்மா வீட்டிலேதானே நிக்கிறா, அவ பார்த்துக்கொள்ளுவா" என்பார் இன்னொருவர். முதலாவது யோசனை பல்லியின் உயிருக்கும், இரண்டாவது அம்மம்மாவின் உடல்நலத்துக்கும் ஆபத்தாக முடியலாம்.

சூடுதான் முதல் தேவை

பல்லி, ஓணான் போன்ற ஊர்வன தமது உடற்சூட்டைத் தாமே உண்டாக்குவதில்லை. சுற்றுப்புறத்திலிருந்தே அதைப் பெறுகின்றன. ஊர்ச் சுவரில் ஓடும் பல்லி வெயில் வேண்டுமென்றால் வெளியே வரும், வேண்டாமென்றால் கூரை இடுக்கில் ஒளியும். கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் பல்லிக்கு அந்த வசதி இல்லை. நாம் பொருத்தியுள்ள விளக்கே அதற்குச் சூரியன். அந்தச் சூடு இல்லாவிட்டால் உண்ட உணவு செரிக்காது. வயிற்றிலேயே கெட்டுப்போய் நோயை உண்டாக்கும்.

இங்கு அதிகமாக வளர்க்கப்படுபவை இரண்டு. ஒன்று லெப்பர்ட் கெக்கோ. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதிகளின் வறண்ட நிலத்துப் பல்லி இது. தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும். தொட்டியின் சூடான பக்கத் தரை சுமார் 32 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். மற்றது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலங்களைச் சேர்ந்த பியர்டட் டிராகன். இது நம் ஓணானுக்கு உறவு. வெயில் காயும் இடம் சுமார் 40 பாகை இருக்க வேண்டும். அத்துடன் பகலில் 10 முதல் 12 மணி நேரம் புற ஊதா ஒளியும் தேவை.

எத்தனை நாள் தனியே விடலாம்?

• நன்கு வளர்ந்த, நோயற்ற லெப்பர்ட் கெக்கோ: தண்ணீரும் சரியான சூடும் இருந்தால் இரண்டு, மூன்று நாட்களைச் சிரமமின்றிக் கழிக்கும். வழக்கமாகவே அது ஒன்றுவிட்ட ஒரு நாள்தான் உண்ணும்.

• வளர்ந்த பியர்டட் டிராகன்: ஓரிரவு தனியே விடலாம். அதற்கு மேல் என்றால் நாளுக்கொரு தடவை யாராவது வந்து கீரை வகைகளை மாற்றி வைக்க வேண்டும். விளக்குச் சூட்டில் கீரை சில மணி நேரத்திலேயே வாடிவிடும்.

• குஞ்சுகள், நோயுற்றவை, முட்டையிடும் பருவத்தில் உள்ளவை: தனியே விடவே கூடாது. குஞ்சுகள் நாளுக்குப் பல தடவை உண்பவை.

• பச்சோந்தி: பெரும்பாலும் இலைகளில் தெளிக்கும் நீர்த்துளிகளையே குடிக்கும், கிண்ணத்துத் தண்ணீரைக் கவனிக்காது. எனவே ஒவ்வொரு நாளும் ஆள் தேவை.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

விளக்குகளை டைமரிலும், சூடு தரும் கருவியைத் தெர்மோஸ்டாட்டிலும் இணையுங்கள். இதைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே செய்து, வெப்பமானியைப் பார்த்துச் சரிபாருங்கள். "குளிர்ந்துவிடுமே" என்று சூட்டைக் கூட்டிவிட்டுப் போக வேண்டாம். தப்பிச் செல்ல இடமில்லாத தொட்டியில் அதிக சூடு குளிரைவிட விரைவாகக் கொல்லும். வெப்ப விளக்கு அசையாதபடி பொருத்தப்பட்டிருக்கிறதா, திரைச்சீலை, கடதாசி எதுவும் அருகில் இல்லையா என்று பாருங்கள். கழன்று விழும் விளக்கு வீட்டையே எரித்துவிடும்.

குளிர்காலத்தில் வீட்டின் வெப்பத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் போவது நம்மிடையே வழக்கம். பல்லி இருக்கும் வீட்டில், தொட்டி இரவிலும் 18 பாகைக்குக் கீழே போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

போகிற நாளில் "வயிறு நிறையட்டும்" என்று அதிகமாகக் கொடுக்காதீர்கள். முதல் நாள் வழக்கமான அளவு கொடுத்து, மிஞ்சிய கிரிக்கெட் பூச்சிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். பசித்த பூச்சிகள் உறங்கும் பல்லியையே கடித்துக் காயப்படுத்தும்.

மின்சாரம் நின்றால்? 2013 டிசம்பரில் உறைபனி மழை பெய்தபோது ரொறன்ரோவில் லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் சென்றன. எனவே வீட்டுத் திறப்பு அருகில் இருக்கும் ஒருவரிடம் இருப்பது அவசியம். விளக்குகளை அணைத்துவிட்டு, காற்று போக இடம்விட்டுத் தொட்டியைப் போர்வையால் சுற்றி, துவாயில் சுற்றிய சுடுநீர்ப் போத்தலை உள்ளே வைக்கலாம். சூடு திரும்பும்வரை உணவு கொடுக்கக் கூடாது.

யாரிடம் பொறுப்பை விடுவது?

குடும்ப நலத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விடயம் இது. ஆரோக்கியமாகத் தோன்றும் பல்லியின் குடலிலும் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது எச்சத்தோடு வெளியேறி, பல்லியின் தோல், தொட்டி, தண்ணீர்க் கிண்ணம் எங்கும் பரவும். பல்லியைத் தொடாதவருக்கும், தொட்டியைக் கழுவியவரின் கை மூலமாகத் தொற்றலாம். அமெரிக்காவில் 2012 முதல் 2014 வரை பியர்டட் டிராகன்கள் வழியாக 36 மாநிலங்களில் 166 பேருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 5 வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான குழந்தைகள்.

ஆகவே பின்வருவோரிடம் பல்லியைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம்; அவர்கள் இருக்கும் வீட்டுக்குத் தொட்டியைக் கொண்டுபோகவும் வேண்டாம்: 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். தொட்டிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அப்படியே சமைக்கப் போகும் அம்மம்மாவை நினைத்துப் பாருங்கள். நல்ல சுகத்தோடிருக்கும் வளர்ந்த ஒருவரே இதற்குப் பொருத்தமானவர்.

அவருக்கு ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியவை:

1. தொட்டியைத் தொட்ட பின் சவர்க்காரமிட்டு 20 விநாடிகள் கை கழுவவும்.
2. கிண்ணங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.
3. சமையலறையில் மிஞ்சியதையோ தோட்டத்துப் பூச்சிகளையோ கொடுக்க வேண்டாம். அவகாடோ பழம் அதற்கு நஞ்சு.
4. வெப்பமானி காட்ட வேண்டிய அளவு, உங்கள் தொலைபேசி எண், ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியரின் எண். எல்லா மிருக வைத்தியர்களும் பல்லியைப் பார்ப்பதில்லை. முன்பே விசாரித்து வையுங்கள்.

யாருக்காவது காய்ச்சல், வயிற்றோட்டம், வயிற்று வலி வந்தால்

தொற்றியபின் பெரும்பாலும் 6 மணி நேரத்திலிருந்து 3 நாட்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். பலருக்கு ஒரு வாரத்துக்குள் தானாகவே குணமாகும். ஆனால் கைக்குழந்தைக்கோ முதியவருக்கோ இந்த அறிகுறிகள் கண்டால், அல்லது மலத்தில் இரத்தம் போனால், தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள். பல்லி வளர்க்கும் விடயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒன்ராறியோவில் 811 என்ற எண்ணை எந்நேரமும் அழைத்துப் பதிவுபெற்ற தாதி ஒருவரிடம் ஆலோசனை பெறலாம்.

பல்லிக்கு வேண்டியவற்றை ஒரு வாரம் முன்பே ஒழுங்கு செய்யுங்கள். பிள்ளைகளையும் கூடவே வைத்து அந்தத் தாளை எழுதச் செய்தால், ஓர் உயிரை வளர்ப்பதன் பொறுப்பையும் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.