பல்லைக் காட்டாத பெண்

குழந்தை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்த கதை இல்லாத வீடு எங்கேயாவது உண்டா? உங்கள் வீட்டில் இல்லையென்றால், ஒன்று நீங்கள் பாயில் படுக்கிறவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாமியாருக்குத் தெரியாமல் அந்தச் சமாசாரத்தை மறைத்தவராக இருக்க வேண்டும்!

என் பையனுக்கு அப்போது பத்து மாதம். அடுப்பிலே பால் பொங்குகிற வாசனை வந்தது. இறக்கி வைக்க உள்ளே ஓடினேன். அரை நிமிஷந்தான் ஆகியிருக்கும். 'தொப்'பென்று ஒரு சத்தம். அப்புறம் வீடு அதிரும்படி அழுகை. அவன் இப்போது ஒன்பது வயதுப் பிள்ளை. தலையில் ஒரு தழும்புகூடக் கிடையாது. ஆனால் அன்றைக்கு என்ன கிழமை, நான் என்ன புடவை கட்டியிருந்தேன் என்று கேளுங்கள், உடனே சொல்லுவேன். அவனுடைய தகப்பனாரைக் கேட்டுப் பாருங்கள். "அப்படியா, விழுந்தானா?" என்பார். அன்றைக்கு அவர் அதே அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்!

தாயார் மனசு ஒரு விசித்திரமான கோர்ட்டு. குற்றவாளிக் கூண்டில் நிற்பவளும் அவளே, குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலும் அவளே, தீர்ப்புச் சொல்லும் ஜட்ஜும் அவளே. அப்பீல் கிடையாது. காசை விழுங்கிய வழக்கு, வெந்நீர் பட்ட வழக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வர அரை மணி தாமதமான வழக்கு என்று கட்டுக் கட்டாய்க் கிடக்கும்.

இவற்றில் சிலவற்றிலாவது நம்முடைய கவனக் குறைவு கொஞ்சம் உண்டு, ஒப்புக்கொண்டு விடலாம். ஆனால் துளிக்கூடத் தான் செய்யாத பிழைக்காகத் தன்னையே தண்டித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நான் தருமபுரி ஜில்லாவில் சந்தித்தேன். அவளைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை பீடிகையும்.

தருமபுரி என்றால் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட சீமை. ஔவைக்கு அவன் நெல்லிக்கனி கொடுத்த கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அந்த ஔவை அதியமானைப் பற்றிப் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் குழந்தையின் மழலை வருகிறது. அர்த்தம் விளங்காவிட்டாலும் தகப்பனுக்கு அதைக் கேட்டு அன்பு சுரக்கிறதாம். ஔவைகூட மழலையின் இன்பத்தைத் தகப்பன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறாள், பார்த்தீர்களா! அந்த மழலை முளைக்கிற வாயின் பல்லுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவள் மட்டும் தாயார்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து ஸீட்டில் இருபத்தாறு, இருபத்தேழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மடியில் ஒன்றரை வயதுக் கைக்குழந்தை. ஜன்னலோரத்தில் எட்டு வயதுப் பெண் குழந்தை, இரட்டைச் சடை. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியதில் என் மூக்குக் கண்ணாடி கழன்று என் மடியிலேயே விழுந்தது. நான் அதைக் கீழேயெல்லாம் தேடினேன். அந்தக் குழந்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் சிரிப்பு வருவதற்கு முன்னாலேயே கை வந்து வாயை மூடிக்கொண்டு விட்டது.

"எப்பவும் இப்படித்தான் அக்கா" என்றாள் தாயார். கைப்பையிலிருந்து பள்ளிக்கூடத்தில் எடுத்த வகுப்புப் போட்டோ ஒன்றை எடுத்துக் காட்டினாள். நாற்பது குழந்தைகளில் பாதிப் பேர் பல் தெரியச் சிரிக்கிறார்கள். இரட்டைச் சடை மட்டும் உதட்டை இறுக மூடிக்கொண்டு, தலைமை ஆசிரியர் மாதிரி நிற்கிறது.

"பல்லெல்லாம் காவி அடிச்சாப்பல இருக்கு. பல்லே விளக்கறதில்லையான்னு கேக்கறாங்க. ராத்திரியும் காலையும் நானே பிடிச்சு வெச்சுத் தேய்ச்சு விடறேன் அக்கா. உப்புப் போட்டுத் தேய்ச்சாச்சு, கரி போட்டுத் தேய்ச்சாச்சு. ஈறுல ரத்தம் வந்ததுதான் மிச்சம். பால் பல்லு முத்து முத்தா இருந்துச்சு. அது விழுந்து முளைச்சதுதான் இப்படி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, குழந்தைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "இவ வயித்துல இருக்கறப்ப நான் அடுப்புச் சாம்பல் தின்னேன் அக்கா. ஆசையை அடக்க முடியல. அதனாலயா இருக்கும்?" என்று கேட்டாள்.

எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"உங்கள் வீட்டுக்காரர் பல் எப்படி?" என்று கேட்டேன்.

"அவருக்கும் அப்படித்தான். எங்க அத்தைக்கும்தான். அது வெத்தலை போடறதாலன்னு நெனைச்சேன். எனக்குப் பாருங்க, ஒண்ணுமில்ல. நான் பவானிக்காரி. ஆத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்தவ."

விடையைத் தன் வாயாலேயே சொல்லி விட்டாள்! அது விடை என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

தருமபுரி ஜில்லா கெட்டிப் பாறைப் பூமி. அந்தப் பாறையிலே உள்ள சில கனிமங்களில் புளோரைடு என்கிற உப்பு அடங்கியிருக்கிறது. பாறையின் இடுக்கில் தண்ணீர் நெடுங்காலம் தேங்கிக் கிடக்கும்போது அது கொஞ்சங் கொஞ்சமாய்க் கரைகிறது. மழை குறைந்து, கிணறு வற்றி, ஜனங்கள் மேலும் மேலும் ஆழமாகப் 'போர்' போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள். அந்தத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, நாக்குக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. அளவோடு இருந்தால் அதே புளோரைடு பல் சொத்தையைத் தடுக்கும். மிஞ்சினால்தான் வினை.

குழந்தைக்கு முன்பல் முளைப்பது ஆறு, ஏழு வயதில். ஆனால் அந்தப் பல்லின் மேற்பூச்சு ஈறுக்குள்ளே தயாராகிற வேலை, பிறந்த சில மாதங்களில் தொடங்கி நாலைந்து வயதுக்குள் முடிந்து விடுகிறது. அந்த நாட்களில் குடித்த தண்ணீரில் புளோரைடு அதிகமாக இருந்தால் பூச்சு சரியாக இறுகுவதில்லை. பல் வெளியே வரும்போதே சுண்ணாம்புத் திட்டுக்களோடு வருகிறது. நாளாவட்டத்தில் அது காவியேறுகிறது. இது பல்லின் மேல் படிந்த அழுக்கு அல்ல; பல்லோடு பிறந்த கறை. உப்புக்கும் கரிக்கும் அது எப்படி மசியும்? தேய்க்கத் தேய்க்க ஏற்கெனவே பலவீனமான பூச்சுத்தான் இன்னும் தேயும். பால் பற்களுக்கு அவ்வளவாகப் பாதிப்பு வருவதில்லை என்பதால், "நன்றாக இருந்த வாயை நான் கெடுத்து விட்டேன்" என்று தாயாருக்குத் தோன்றுவது சகஜம்.

பல்லோடு போனால்கூடப் பரவாயில்லை. அளவு மிகவும் அதிகமான இடங்களில், வருஷக்கணக்காகக் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகிப் போய் விடும். நம் நாட்டில் இந்த வியாதி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பக்கத்தில்தான். உழவு மாடுகள் கால் மடங்காமல் நொண்டுவதைக் குடியானவர்கள்தான் முதலில் கவனித்தார்களாம். மனிதர்களுக்கு வந்திருப்பதை டாக்டர்கள் 1937-ல் எழுதி வைத்தார்கள்.

சீமையிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901-ல் பிரெடரிக் மெக்கே என்கிற பல் டாக்டர் புதிதாக வந்து சேர்ந்தார். ஊரிலே பிறந்து வளர்ந்த பல குழந்தைகளுக்குப் பல் காவியேறிக் கிடந்தது. காரணம் என்ன என்று விசாரித்தால், பன்றி மாமிசம் அதிகம் தின்றது, மட்டமான பால் குடித்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அங்கேயும் பழி சமையலறைக்குத்தான் வந்தது, பாருங்கள்!

முப்பது வருஷம் அந்த மனிதர் இந்தக் கறையின் பின்னாலேயே அலைந்தார். 1923-ல் ஐடஹோ மாகாணத்தில் ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனார். அங்கிருந்த பெற்றோர்கள் அவரிடம் ஒரு விஷயம் சொன்னார்கள். ஐந்து மைல் தள்ளியிருந்த ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் குழந்தைகளுக்குக் கறை வர ஆரம்பித்தது என்றார்கள். மெக்கே அந்தத் தண்ணீரைச் சோதித்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் பெற்றோர்களின் வார்த்தையைத் தள்ளாமல், அந்தக் குழாயை விட்டு வேறு ஊற்றுக்கு மாறும்படி ஊராருக்குச் சொன்னார். சில வருஷங்களில் சின்னக் குழந்தைகளுக்கு நல்ல பல் முளைத்தது. தண்ணீரிலே இருந்தது புளோரைடு என்று சர்ச்சில் என்ற ரசாயன நிபுணர் கண்டுபிடித்தது 1931-ல்தான். விஞ்ஞானம் வந்து சேருவதற்கு எட்டு வருஷம் முன்பே பெற்றோர்கள் வந்து சேர்ந்து விட்டார்கள்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். "உன்மேல் ஒரு குற்றமும் இல்லையம்மா, சாம்பல் தின்றதாலும் இல்லை, பல் விளக்காததாலும் இல்லை. எல்லாம் தண்ணீர் செய்த வேலை" என்றேன். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

மலரவில்லை. "அப்ப அந்தத் தண்ணியை ஊத்திக் குடுத்தவ நான்தானே அக்கா?" என்றாள். "கிருமி போகணும்னு தினம் கொதிக்க வெச்சு வேற குடுத்தேன்."

எனக்குச் சொரேர் என்றது. ஒரு வழக்கிலிருந்து விடுதலை வாங்கிக் கொடுக்கப் போய், இன்னொரு வழக்குக்கு நானே சாட்சி சொல்லி விட்டேன்! கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைடு போகாது என்பது வாஸ்தவம். தண்ணீர் சுண்டினால் கொஞ்சம் அதிகமாகக்கூடச் செய்யும். ஆனால் கொதிக்க வைத்த தண்ணீர்தான் பேதி வராமல் அவள் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்பதும் அதே அளவுக்கு வாஸ்தவம். அதைச் சொன்னேன். அவள் பாதிதான் கேட்டுக்கொண்டாள்.

பிறகு இன்னொன்று சொன்னேன். ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாய் வழியாகத் தருமபுரிக்கும், 2004-ல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கும் கொண்டு வரும் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடன் கொடுத்தது. 2013-ல் திறப்பு விழா நடந்தது. செலவு சுமார் 1,928 கோடி ரூபாய். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இந்தப் பல் வியாதியின் பெயரும் இருக்கிறது. இரண்டு ஜில்லாவுக்கும் குழாய் போட்டு, கோடி கோடியாகக் கொட்டிச் சரி செய்ய வேண்டிய பிழையை இந்தப் பெண் ஒரு பிடி உப்பை வைத்துக்கொண்டு சரி செய்யப் பார்த்திருக்கிறாள்!

"ஒகேனக்கல் தண்ணி எங்க ஊருக்கும் வருதே" என்றாள். "தெனம் வராது. வர்றப்ப பிடிச்சு வெச்சுக்குவோம். மத்த நாள்ல போர்த் தண்ணிதான். எல்லாத்துக்கும் கலந்து கட்டித்தான் செலவு பண்றது."

அப்போதுதான் என் கண் அவள் மடியிலிருந்த கைக்குழந்தை மேல் போயிற்று. ஒன்றரை வயது. பால் பல் நாலைந்து மினுக்குகிறது. ஆறு வயதில் முளைக்கப் போகிற முன்பல்லெல்லாம் இப்போது அந்த ஈறுக்குள்ளே தயாராகிக்கொண்டிருக்கிறது. அவள் பார்வையும் அங்கேதான் போயிற்று. முகத்தில் இருந்த கலக்கம் மாறி, கணக்குப் போடுகிற பார்வை வந்தது.

"குடிக்கறதுக்கு எத்தனை தண்ணி ஆகப் போகுது? ரெண்டு குடம் தனியா எடுத்து வெச்சுட்டா?" என்றாள்.

"குடிக்க மட்டும் போதாது. சமையலுக்கும் அதேதான்."

"சோறு வடிக்கவுமா?"

"சோறு வடிக்க, பருப்பு வேக வைக்க, களி கிண்ட, எல்லாவற்றுக்கும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் போர்த் தண்ணீர் போதும். தோல் வழியாக அது ஒன்றும் செய்யாது."

மழைத் தண்ணீரைச் சுத்தமாகப் பிடித்து வைத்தாலும் நல்லதுதான். சாதாரண வடிகட்டிகளால் பிரயோஜனம் இல்லை. உங்கள் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், குடிநீர் வடிகால் வாரியத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். சின்னக் குழந்தைகள் பற்பசையை விழுங்கி விடும். அதிலும் புளோரைடு உண்டு. மூன்று வயது வரை ஓர் அரிசியளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு போதும். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் 'சி'யும் உள்ள ஆகாரம் இந்தக் கெடுதலைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்கிறார்கள். தருமபுரிக்காரர்களுக்கு இதற்காகக் கடைத்தெருவுக்குப் போக வேண்டியதில்லை. ராகியில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். வைட்டமின் 'சி'க்கு அதியமானுடைய நெல்லிக்காயே இருக்கிறது!

புளிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. புளி சேர்த்துச் சாப்பிட்ட பையன்களுக்குச் சிறுநீரோடு புளோரைடு அதிகமாக வெளியேறியதை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002-ல் எழுதியிருக்கிறார்கள். அதற்காக ரசத்தை மருந்து என்று எண்ணித் தண்ணீரை மாற்றாமல் இருந்து விடாதீர்கள்.

இண்டூர் தாண்டியாயிற்று. இரட்டைச் சடை இதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் பேச்சில் ஒரு வார்த்தையும் அது விடவில்லை என்பது எனக்கு அப்புறந்தான் தெரிந்தது. மெல்லத் தாயாரின் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

"அம்மா, அப்ப இனிமே உப்புப் போட்டுத் தேய்க்க மாட்டியா?"

தாயாருக்கு உடனே பதில் வரவில்லை. "இல்ல கண்ணு" என்றாள் பிறகு.

"கரி?"

"அதுவும் இல்ல."

கறையை என்ன செய்வது என்று என்னைக் கேட்டாள். பெரியவளான பிறகு பல் டாக்டர் மெருகு போட்டோ, மேலே ஒரு பூச்சுக் கொடுத்தோ பெரும்பாலும் மறைத்து விட முடியும் என்று சொன்னேன். அவசரம் ஒன்றும் இல்லை. அதுவரை மெத்தென்ற பிரஷ் போதும்.

அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்து விட்டது. கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வர்றேன் அக்கா. பருப்பு ஊற வைக்கற தண்ணியும் அதுதானே?" என்று இறங்கும்போதும் ஒரு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

பஸ் புறப்பட்டது. கீழே நின்றபடி இரட்டைச் சடை எனக்கு ஒரு கையை ஆட்டியது. இன்னொரு கை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது.