குடிநீர் சுத்தமாச்சு, சோறு? மேற்கு வங்க அரிசியில் ஆர்சனிக் சேருவது எப்படி?

1983-ல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமங்களிலிருந்து வந்த சில நோயாளிகளின் தோல் பாதிப்புக்கு ஆர்சனிக்தான் காரணம் எனக் கண்டறிந்தார். குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததால் வந்த வினை அது. பிறகு பல கிராமங்களுக்குச் சுத்திகரித்த குடிநீர் வந்தது. ஆனால் நிலத்தடி நீர் இன்னமும் வயலுக்குப் பாய்கிறது.

ஆர்சனிக் எங்கிருந்து வருது?

தொழிற்சாலைக் கழிவிலிருந்து அல்ல. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலில் இயற்கையாகவே இருக்கிறது. அதை மேலே கொண்டுவந்தது மோட்டார். பசுமைப் புரட்சிக்குப் பிறகு, கோடையில் அறுவடையாகும் 'போரோ' நெல்லுக்காக நிலத்தடி நீரை ஏராளமாக இறைத்தார்கள். நதியா, முர்ஷிதாபாத், மால்டா போன்ற மாவட்டங்களில் அந்த நீரோடு ஆர்சனிக்கும் வயலில் சேர்ந்தது.

நெல்லுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?

தண்ணீர் தேங்கிய வயலில் மண்ணுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அப்போது இரும்புத் துகள்களில் ஒட்டியிருக்கும் ஆர்சனிக் பிரிந்து நீரில் கரைகிறது. நெல்லின் வேர், சிலிக்கானை உறிஞ்சும் அதே வழியில் இதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

எவ்வளவு இருக்கலாம்?

குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வெள்ளை அரிசிக்கு, 2014-ல் கோடெக்ஸ் அமைப்பு வைத்த உச்சவரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கனிம ஆர்சனிக். இப்போ ஒரு கணக்கு: அந்த உச்சவரம்பைத் தொடும் அரிசியை ஒருவர் தினமும் 400 கிராம் சமைத்துச் சாப்பிட்டால், 80 மைக்ரோகிராம் உடலுக்குள் போகும். 10 மைக்ரோகிராம் உள்ள தண்ணீரை 8 லிட்டர் குடித்ததற்குச் சமம். மூணு வேளையும் சோறு சாப்பிடும் விவசாயக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. நீண்டகால ஆர்சனிக் பாதிப்பு தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரை போகலாம்.

என்ன செய்யலாம்?

வயலில் எப்போதும் நீர் தேக்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் நெல்லில் ஆர்சனிக் குறையும். ஆனால் மண்ணில் காட்மியம் இருந்தால் அது கூடலாம்; மண் பரிசோதனை அவசியம். கோடையில் நெல்லுக்குப் பதிலாகக் குறைந்த நீர் கேட்கும் பயிருக்கு மாறுவது இன்னொரு வழி.

சமையலறையில் நம்ம பழைய பழக்கமே கைகொடுக்கும்: நிறைய நல்ல தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்துவிடுவது. கொஞ்சம் வைட்டமினும் சேர்ந்து போகும் என்பது உண்மை. ஆனால் ஆர்சனிக் கலந்த நீரிலேயே சமைத்தால் பலன் இல்லை. தவிட்டில் ஆர்சனிக் அதிகம் தங்கும் என்பதால், 'ஹெல்தி' என வாங்கும் பிரவுன் ரைஸிலும் கவனம் தேவை.

குடிநீர்க் குழாயைச் சோதித்தால் மட்டும் போதாது. வயலுக்குப் போகும் குழாயையும் சோதிக்க வேண்டும்.