சுட முடியாத சிறுமி

துப்பாக்கி நிறையத் தோட்டா இருக்கிறது. மாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு துப்பாக்கிகள் உண்டு. எதிரே ஒரு அலுவலகத் தாழ்வாரம். ஆள் நடமாட்டம் இல்லை. கோடியில் ஒரு ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிகிறது. சுடுவதற்கு எதுவுமே இல்லாத இந்த இடத்தில்தான் ஆடுகிறவரின் விரல் கீபோர்டில் நின்றுபோகிறது. சற்று முன்னால் ஒரு படைப்பிரிவையே சாய்த்துவிட்டு வந்த அதே விரல்.

ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர், அதாவது பாத்திரத்தின் கண்வழியாகவே பார்த்துச் சுடும் விளையாட்டில் பேய்க்கதையைக் கலப்பது, யோசித்துப் பார்த்தால், உருப்படாத யோசனை. பேய்க்கதை பலிக்க வேண்டுமானால் அதில் மாட்டிக்கொண்டவர் கையாலாகாதவராக இருக்க வேண்டும். சுடும் விளையாட்டோ ஒருவரைச் சூரனாக்குவதற்கென்றே பிறந்தது. 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘டூம்’ இதற்குச் சாட்சி. நரகத்திலிருந்து வரும் பிசாசுகள், இருட்டு, ரத்தம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஆடுகிறவர் ஓடும் வேகத்துக்கும் கையிலிருக்கும் ஷாட்கன்னுக்கும் முன்னால் பிசாசுகள்தான் பாவம். பிசாசு இருந்தும் பயம் வரவில்லை.

பதினோரு வருடம் கழித்து, 2004இல், அதே நிறுவனம் ‘டூம் 3’இல் குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தது. கதை நடப்பது செவ்வாய்க் கிரகத்து ஆய்வு நிலையத்தில். எங்கும் கும்மிருட்டு. டார்ச் உண்டு, ஆனால் டார்ச்சைப் பிடித்தால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது. பார்க்க வேண்டுமா, சுட வேண்டுமா என்பதை நொடிக்கு நொடி முடிவுசெய்ய வேண்டும். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். செவ்வாய்க்கே போன மனிதகுலத்திடம் டார்ச்சைத் துப்பாக்கியில் ஒட்ட ஒரு துண்டு டேப் இல்லையா என்று கேட்டு, ஒட்டிக்கொடுக்கும் ‘மாட்’ (விளையாட்டை மாற்றும் ஒட்டு நிரல்) ஒன்றைத் தாங்களே எழுதிப் பரப்பினார்கள். 2012இல் வந்த மறுபதிப்பில் நிறுவனமே பணிந்து, டார்ச்சைக் கவசத்தில் பொருத்திக் கொடுத்தது. என் கட்சி பழைய டார்ச்தான். அந்த விளையாட்டின் பயத்தில் முக்கால்வாசி அந்த ஒற்றைக் கை ஏற்பாட்டில்தான் இருந்தது. மிச்சக் கால்வாசியை அவர்களே கெடுத்துக்கொண்டார்கள்: ஏதாவது பொருளைக் குனிந்து எடுத்தால் முதுகுக்குப் பின்னால் சுவர் திறந்து ஒரு பிசாசு பாயும். முதல் முறை அலறலாம். நாலாவது முறை, பொருளை எடுக்கும்போதே திரும்பி நின்றுகொள்வோம்.

திடுக்கிடுவதும் பயப்படுவதும் ஒன்றல்ல என்பதுதான் இங்கே விஷயம். திடீரென்று பெருஞ்சத்தம் கேட்டால் கண் இமைகள் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் மூடிக்கொள்ளும். மூளை யோசித்துச் செய்வதல்ல அது, கைக்குழந்தைக்கும் உண்டு. ஒரே மாதிரி அடி திரும்பத் திரும்ப விழுந்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். பயம் வேறு சாதி. அது வளர நேரம் வேண்டும், தனிமை வேண்டும், முக்கியமாக, ஆடுகிறவரே தன் மனசுக்குள் அதற்குத் தீனி போட வேண்டும்.

இந்த வித்தையைச் சரியாகப் பிடித்த விளையாட்டு, 2005 அக்டோபரில் வெளியான ‘ஃபியர்’. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த மோனோலித் புரொடக்‌ஷன்ஸ் செய்தது. மனோசக்தியால் ஏவப்படும் குளோன் வீரர்களின் படை ஒன்று ஒரு நகரத்துக்குள் இறங்குகிறது. அதை அடக்கப் போகும் பெயரில்லாத வீரர்தான் நாம். வழியெங்கும் ஆல்மா என்ற சிறுமி தென்படுகிறாள். சிவப்புக் கவுன், முகத்தை மறைக்கும் கறுப்பு முடி. ஜப்பானியப் பேய்ப் படங்களின் வாடை தூக்கலாகவே அடிக்கும். மோனோலித் செய்த புத்திசாலித்தனம், இந்த இரண்டையும் தனித்தனிப் பாத்தியில் வளர்த்தது. வீரர்களைச் சுடலாம். ஆல்மாவைச் சுட்டுப் பயனில்லை.

முதலில் வீரர்கள். அதற்கு முந்தைய விளையாட்டுகளில் எதிரிகள் பெரும்பாலும் சொல்லிவைத்தபடி நடந்தார்கள்: கண்டால் சுடு, அடிபட்டால் ஒளி. ‘ஃபியர்’ வீரர்களுக்கான செயற்கை நுண்ணறிவை எழுதிய ஜெஃப் ஆர்க்கின் வேறு இடத்தில் போய்த் தேடினார். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களின் கடைசியில் ‘ஷேக்கி’ என்றொரு ரோபோ இருந்தது. அறைக்கு அறை உருண்டுபோய்ப் பெட்டிகளைத் தள்ளுவது அதன் தொழில். அதற்காக 1971இல் ‘ஸ்ட்ரிப்ஸ்’ என்ற திட்டமிடும் முறையை உருவாக்கினார்கள். ரோபோவுக்கு இலக்கை மட்டும் சொல்ல வேண்டும். அதற்குத் தெரிந்த ஒவ்வொரு செயலுக்கும் முன்தேவை என்ன, விளைவு என்ன என்ற பட்டியல் இருக்கும். இலக்கிலிருந்து பின்னோக்கிக் கோத்துக்கொண்டே வந்து அது தானே திட்டம் போடும்.

பெட்டி தள்ளிய அந்த முறையை ஆர்க்கின் துப்பாக்கி பிடித்த வீரனின் தலைக்குள் வைத்தார். இலக்கு: எதிரியைக் கொல்வது. அதற்குச் சுட வேண்டும். சுடத் தோட்டா வேண்டும். தோட்டா தீர்ந்திருந்தால் ரீலோடு செய்ய வேண்டும். திட்டம் தயார். நடுவில் ஏதாவது பிசகினால் திட்டத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் போடுவான். 2006இல் விளையாட்டுத் தயாரிப்பாளர்களின் மாநாட்டில் ஆர்க்கின் வைத்த கட்டுரையில் ஒரு காட்சி வருகிறது. வீரன் கதவைத் திறக்கப் பார்க்கிறான். ஆடுகிறவர் மறுபக்கம் உடம்பை முட்டுக்கொடுத்துக் கதவைத் தடுக்கிறார். வீரன் கதவை உதைக்கிறான். அதுவும் நடக்கவில்லை. உடனே ஜன்னல் வழியாகப் பாய்ந்து உள்ளே வந்து அடிக்கிறான். ‘கதவு அடைத்திருந்தால் ஜன்னலுக்குப் போ’ என்று யாரும் அவனுக்கு எழுதிக்கொடுக்கவில்லை. சொல்லப்போனால், இதே இலக்குகளை அந்தக் கட்டுரையில் எலிக்கும் கொடுத்துக் காட்டுகிறார். எலியிடம் சுடும் செயல் இல்லை, அதனால் சும்மா சுற்றி வருகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய பேச்சு. வீரர்கள் ரேடியோவில் ஓயாமல் பேசிக்கொள்வார்கள். அடிபட்டவனிடம் நிலைமை கேட்பார்கள்; ஒளிய இடமில்லாதவன் போக இடமில்லை என்று கத்துவான். இந்தப் பேச்சைக் கேட்டு அவர்கள் முடிவெடுப்பதில்லை. நடப்பது நேர்மாறு: முடிவை நிரல் எடுத்துவிடுகிறது, பேச்சு நம் காதுக்காக ஒலிக்கிறது. கூடுதல் படை அனுப்பச் சொல்லி ஒருவன் கெஞ்சினால் யாரும் வரப்போவதில்லை. ஆனால் அடுத்த அறையில் எப்படியும் நாலு பேர் நிற்பார்கள் அல்லவா? அவன் கூப்பிட்டுத்தான் வந்தார்கள் என்று நாமே முடிச்சுப் போட்டுக்கொள்வோம். சுற்றி வளைப்பதும் அப்படித்தான். வளைத்துத் தாக்கு என்ற கட்டளையே நிரலில் கிடையாது. பாதுகாப்பான மறைவிடத்துக்குப் போ என்று மட்டும் இருக்கிறது. அந்த மறைவிடம் தற்செயலாக நம் பக்கவாட்டில் இருந்தால், அடேயப்பா, என்ன வியூகம் என்று வியந்துபோவோம்.

இத்தனை பாடுபட்டு உருவாக்கிய வீரர்களைக் காலத்தை மெதுவாக்கும் வசதியோடு சுட்டு வீழ்த்தும்போது உண்மையிலேயே சூரனாகத்தான் இருக்கும். அந்தச் சூரத்தனத்தைக் கொண்டுபோய் ஒரு ஏணியின் முன்னால் நிறுத்துகிறார்கள்.

இந்த விளையாட்டை ஆடியவர்கள் யாரைக் கேட்டாலும் அந்த ஏணியைச் சொல்வார்கள். பொதுவாக விளையாட்டு செய்பவருக்கு ஒரு தலைவலி உண்டு: ஆடுகிறவர் எந்த நொடியில் எந்தப் பக்கம் பார்ப்பார் என்று தெரியாது. பேயை வடக்கே வைத்தால் அவர் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்பார். ஏணியில் இறங்க வேண்டுமென்றால் மட்டும் உடம்பைத் திருப்பியே ஆக வேண்டும். இரண்டு கையும் ஏணிக்குப் போய்விடும், துப்பாக்கி இருக்காது. நாம் வந்த வழியை, காலி என்று நாமே பார்த்துவிட்டு வந்த வழியை, இப்போது பார்த்தபடி இறங்க வேண்டும். அங்கே, முகத்துக்கு எதிரே, ஆல்மா நிற்கிறாள். அவ்வளவுதான். அவள் அடிப்பதில்லை. உயிர்க்கோட்டில் ஒரு புள்ளி குறைவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு ஏணியிலும் நாம் இறங்கத் தயங்குவோம். பெரும்பாலான ஏணிகளில் ஒன்றுமே நடக்காது.

குறையும் சொல்ல வேண்டும். கடைசிக் கட்டங்களில் நிழலுருவப் பேய்கள் காற்றில் மிதந்து வருகின்றன. இவற்றைச் சுடலாம், சுட்டால் மறையும். மறைகிறது என்று தெரிந்த நொடியிலேயே அவை பேய்கள் அல்ல, இலக்குகள். கவனமாகப் பிரித்து வளர்த்த பாத்திகளை அவர்களே ஏன் கலந்தார்கள் என்பது புரியவில்லை.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைச் சொல்லி முடிக்க முடியாது. மனிதக் கண்கள் இரண்டுமாகச் சேர்ந்து பக்கவாட்டில் 180 டிகிரிக்கும் மேலே பார்க்கின்றன. திரையில் வழக்கமாக 60லிருந்து 90 டிகிரிதான் கிடைக்கிறது. ஓரப்பார்வை போய்விட்டது, முதுகுப்பக்கத்துக்குக் காதுதான் காவல். அந்தக் காவலையும் ஏமாற்றலாம். ஒரு சத்தம் இடமா வலமா என்பதை மூளை கண்டுபிடிப்பது, அது இரண்டு காதுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்து. அந்த நேரம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. நேர் எதிரிலிருந்தோ நேர் பின்னாலிருந்தோ வரும் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே சமயத்தில் வந்துவிடுவதால், முன்னா பின்னா என்பதைக் காதுமடலின் மடிப்புகள் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரண ஹெட்ஃபோனில் அந்த உதவியும் இல்லை. அதனால்தான் எங்கோ ஒரு தகரம் விழும் சத்தத்துக்கு ஆள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார்.

இப்படிக் காசு கொடுத்து நடுங்குவதில் என்ன சுகம்? டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதை ஒரு பேய் வீட்டில் சோதித்தார்கள். 110 பார்வையாளர்களுக்கு இதயத் துடிப்பு அளக்கும் கருவியை மாட்டி உள்ளே அனுப்பினார்கள். 2020இல் வெளியான முடிவு: பயம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஒரு கட்டம்வரை ஏறுகிறது, அதைத் தாண்டினால் இறங்கிவிடுகிறது. சப்பென்று இருந்தாலும் பிடிக்கவில்லை, குலைநடுங்கினாலும் பிடிக்கவில்லை.

அந்த நடு இடத்தை விளையாட்டுக்காரர்கள் இதற்கு முன்பே மோப்பம் பிடித்திருந்தார்கள். வால்வ் வெளியிட்ட ‘லெஃப்ட் 4 டெட்’ (2008) நாலு பேர் சேர்ந்து நடமாடும் பிணக்கூட்டத்தைச் சுடும் விளையாட்டு. அதில் ‘டைரக்டர்’ என்ற நிரல் ஒவ்வொருவர் படும் பாட்டையும் ஓர் எண்ணாகக் கணக்கு வைக்கிறது. எண் உச்சிக்குப் போனால் மூன்று முதல் ஐந்து நொடி அப்படியே பிடித்துவைத்துவிட்டு, தாக்குதலை அடக்கி, அரை நிமிடம் முக்கால் நிமிடம் மூச்சுவிட விடும். பிறகு மறுபடியும் கூட்டத்தை அனுப்பும். 2014இல் வந்த ‘ஏலியன்: ஐசோலேஷன்’ இன்னும் நுட்பம். அதில் பெரும்பாலும் ஒரே ஒரு ஜந்துதான் நம்மைத் தேடுகிறது. கையிலிருக்கும் துப்பாக்கியால் அதைக் கொல்ல முடியாது. அதை இயக்குவது இரண்டு அறிவு. மேலே இருக்கும் ஒன்றுக்கு நாம் ஒளிந்திருக்கும் இடம் எப்போதும் தெரியும், ஜந்துவுக்குத் தெரியாது. கண்ணாமூச்சி ஆட்டத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, தேடும் பிள்ளையிடம் ‘அந்தப் பக்கம் பாரேன்’ என்று மட்டும் சொல்வாளே, அப்படி ஒரு குத்துமதிப்பான குறிப்பு மட்டும் ஜந்துவுக்குப் போகும். மிச்சத்தை அது கண்ணாலும் காதாலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரொம்ப நேரம் நம் பக்கத்திலேயே சுற்றினால், மேலிருப்பவர் அதை வேறு பக்கம் அனுப்பிவிடுவார்.

துணைக்கு ஆள் வந்துவிட்டால் பயம் பாதியாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2011இல் வேறு நிறுவனம் செய்த ‘ஃபியர் 3’ இருவர் சேர்ந்து ஆடும்படி வந்து, அதனாலேயே வெறும் சுடும் விளையாட்டாகிப்போனது. நாலு பேர் ஆடும் ‘லெஃப்ட் 4 டெட்’ இதற்கு ஒரு வழி வைத்திருந்தது: அதில் சில பிணங்கள் ஒருவரை மட்டும் நாக்கால் சுற்றி இழுக்கும், அல்லது மேலே பாய்ந்து அமுக்கும். மாட்டியவரால் சுட முடியாது. கூட்டாளி வந்து விடுவித்தால் உண்டு.

மோனோலித் நிறுவனத்தை அதன் உரிமையாளரான வார்னர் பிரதர்ஸ் 2025 பிப்ரவரியில் மூடிவிட்டது. முதல் ‘ஃபியர்’ அமெரிக்கத் தரப்படுத்தலில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. ரத்தம் தாராளம், சின்னப் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஹெட்ஃபோன் கட்டாயம். இதுபோன்ற விளையாட்டுகளில் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு இருக்கும். அதை வலது ஓரம்வரை தள்ளிவிட்டு, மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்று தெரிய ஆடி முடித்து, இதில் என்னப்பா பயம் இருக்கிறது என்று கேட்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் டூம் 3இல் டேப் ஒட்டிய கட்சி.