இறப்பர் மரமும் விஞ்ஞான ஆராய்ச்சியும்

தாவரங்களிடமிருந்து மனிதன் பெறும் பயன்கள் பலவகைப்படும். கனியை மரம் தானே உதிர்க்கும்; அதனைக் கொள்வதால் மரத்துக்கு ஊறு இல்லை. பலகை வேண்டுமாயின் மரத்தையே வீழ்த்துதல் வேண்டும். இறப்பர் மரமோ இவ்விரு வகையிலும் அடங்காது. காயப்படுத்தினாலன்றி அது பால் தராது. காயம் அளவு கடப்பின் மரமே கெடும். உயிருள்ள ஒரு மரத்தைப் பல்லாண்டு காலம் கெடாமற் காயப்படுத்துவது எங்ஙனம் என்பதே இறப்பர் ஆராய்ச்சியின் அடிப்படை வினா எனலாம்.

இம்மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசன் காடு. பச்சை இறப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839 ஆம் ஆண்டில் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கியபோது இக்குறை நீங்கியது. அதன்பின் இறப்பரின் தேவை பெருகிற்று. 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிறேசிலின் தப்பசோசு ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். நூற்றுக்கு நான்கு விதைகளேனும் முளைக்கவில்லை. முளைத்தவற்றுள் 1,919 கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன; அவற்றை வளர்ப்பதற்கென ஹேனரத்கொடையில் ஒரு தோட்டம் அமைக்கப்பட்டது. மலாயாவுக்குச் சென்ற கன்றுகளும் இவ்விதைகளின் வழிவந்தனவே. கிழக்கு நாடுகளின் இறப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் இச்சிறு தொகுதியின் சந்ததி என்பது நினைவில் வைக்கத்தக்கது.

கன்றுகள் வளர்ந்து மரங்களாயின. பாலெடுக்கும் முறையோ செம்மையுறவில்லை. அமேசன் காட்டினர் கோடரியாற் பட்டையைக் கொத்திப் பாலெடுத்தனர். கொத்து ஆழப் பதிந்தால் பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மாறிழையம் சிதையும். புதுப்பட்டையைத் தோற்றுவிப்பது இம்மெல்லிய படையே. ஆகவே, அது சிதைந்த இடம் கரடுமுரடாகிப் பின்னர் வெட்டுதற்கு உதவாது போகும். சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த எச். என். றிட்லி 1890களில் இதற்கொரு வழி கண்டார். பட்டையைச் சாய்வாக வெட்டி, அவ்வெட்டின் கீழ் விளிம்பிலிருந்தே ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவல் ஒன்றை எடுப்பதே அவர் முறை. மாறிழையம் தீண்டப்படாதிருந்தால், வெட்டிய இடத்திற் பட்டை மீள வளரும். சில ஆண்டுகளின் பின் அதிலும் பால் வெட்டலாம்.

பட்டையின் அமைப்பு ஆராயப்பட்டபோது இம்முறையின் காரணம் மேலும் துலங்கிற்று. பாற்குழாய்கள் பட்டையினுள் வளையம் வளையமாக அமைந்துள்ளன. மாறிழையத்தை அண்மிய பகுதியிலேயே அவை செறிந்திருக்கும். எனவே, ஆழம் குறையின் பால் குறையும்; ஆழம் மிகின் மரம் புண்படும். வெட்டுபவர் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் இடைவெளியிற் கத்தியை நிறுத்தல் வேண்டும். மேலும், இக்குழாய்கள் நேராகச் செல்லாது சற்றே வலப்புறம் சாய்ந்து மேலெழுகின்றன. அதனாலேயே வெட்டு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் அமைகின்றது. அவ்வாறு வெட்டும்போது கூடுதலான குழாய்கள் திறக்கும். விடியற்காலையிற் பால் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. இரவில் மரம் நீரை நிறைய உறிஞ்சியிருப்பதாற் குழாய்களினுள் அமுக்கம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது குறையும்.

வெட்டிய சில மணி நேரத்திற் பால் வடிதல் தானே நின்றுவிடுகின்றது. பாலில் இறப்பர்த் துணிக்கைகளோடு லூற்றோயிட்டுகள் எனப்படும் நுண்ணிய பைகளும் மிதக்கின்றன. பால் வெளியேறும்போது இவை உடைகின்றன. அவற்றிலுள்ள பொருள்கள் இறப்பர்த் துணிக்கைகளை ஒன்றுசேர்த்துக் குழாயின் வாயை அடைக்கின்றன. நம் உடலிற் காயம் பட்ட இடத்தில் இரத்தம் உறைவதைப் போன்றதே இது. பால் மரத்தின் உணவுச் சேமிப்பன்று. பூச்சிகளையும் நோய்களையும் தடுக்கும் காப்பு என்பதே பல ஆய்வாளரின் கருத்து.

பாலில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு இறப்பர். எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். இறப்பர் காபனும் ஐதரசனும் மட்டுமே கொண்டதென்பதை மைக்கேல் பரடே 1826 ஆம் ஆண்டிற் காட்டினார். ஐசோப்பிறீன் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்த நெடுஞ்சங்கிலியே இறப்பர் என்பது, ஹேர்மன் ஸ்டோடிங்கர் 1920 முதல் வலியுறுத்திய கொள்கையால் நிலைபெற்றது. அவருக்கு 1953 இல் நோபல் பரிசு கிடைத்தது. இச்சங்கிலிகள் சுருண்டு கிடப்பதால் இழுக்க நீள்கின்றன; விட மீள்கின்றன. கந்தகம் சங்கிலிகளுக்கிடையே பாலமமைப்பதால் அவை வழுக்கிப் பிரிவதில்லை. குட்இயர் அனுபவத்தாற் கண்டதன் விளக்கம் இதுவே.

நல்ல மரத்தின் விதையும் நல்ல மரத்தையே தரும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, 1910களில் ஜாவாவில், மிகு பால் தரும் மரத்தின் அரும்பை வேறொரு கன்றில் ஒட்டிப் பெருக்கும் முறை உருவாக்கப்பட்டது. இலங்கையில் அகலவத்தையிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிலையம், இத்துறையில் உலகின் மூத்த நிலையங்களுள் ஒன்று, ஆர்.ஆர்.ஐ.சி. 100, ஆர்.ஆர்.ஐ.சி. 121 முதலிய ஒட்டுவகைகளை அது உருவாக்கியளித்தது. ஆயினும், இவ்வெற்றியுள் ஓர் ஆபத்தும் உறைகின்றது. ஒரே வகையைச் சேர்ந்த மரங்கள் யாவும் ஒரே மரத்தின் படிகளே. ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தவல்லது.

இதனை உலகுக்கு உணர்த்தியது ஒரு பெரும் முயற்சியின் தோல்வி. விக்கம் விதை பொறுக்கிய அதே தப்பசோசு ஆற்றங்கரையில் ஹென்றி போட் 1928 இற் பெருந்தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். செல்வமும் இயந்திரமும் அவரிடம் குறைவறவிருந்தன. காட்டில் இறப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கும். தோட்டத்திலோ அவை நெருங்கி நின்றன. இலைகள் ஒன்றோடொன்று கூடியதும், தென்னமெரிக்க இலைக்கருகல் நோயைத் தரும் பங்கசு மரத்துக்கு மரம் பரவிற்று. கிழக்கிலிருந்து தருவித்த உயர்ந்த ஒட்டுவகைகளும் அதற்குத் தப்பவில்லை. 1945 இல் அத்தோட்டங்கள் பிறேசில் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. இந்நோய் ஆசியாவில் நிலைகொள்ளாதிருத்தல், கடல் தந்த காப்பாலும் கடுமையான தடுப்பு விதிகளாலுமேயாம். இவ்வாபத்தை உணர்ந்தே பல நாட்டு ஆராய்ச்சியாளர் 1981 ஆம் ஆண்டில் மீண்டும் அமேசன் சென்று, காட்டு மரங்களின் விதைகளைத் திரட்டினர். விக்கத்தின் விதைகளில் இல்லாத இயல்புகள் அவற்றிற் கிடைக்கலாம் என்பதே நோக்கம்.

மரத்தின் எல்லையை மீறும் ஆசை வேறோர் உருவிலும் எழுந்தது. 1960களின் பிற்பகுதியில் எதெபோன் என்னும் பொருள் ஆராயப்பட்டது. பட்டையிற் பூசினால் அது எதிலீன் வாயுவை வெளிவிடும். குழாய்கள் அடைபடுதல் தாமதிக்கும். பால் நெடுநேரம் வடியும். அளவறிந்து பயன்படுத்தினால் வெட்டும் நாள்களைக் குறைத்துப் பட்டையைச் சேமிக்கலாம். அளவு மீறினாலோ மரம் இழந்த பாலை மீள ஆக்க இயலாது களைக்கும். நாளடைவில் வெட்டுப்பட்டை வறண்டு பால் தராது நின்றுவிடும்.

ஆராய்ச்சி நிலையத்திற் கண்ட உண்மைகள் யாவும் ஈற்றில் விடியலில் மரத்தடியில் நிற்கும் தொழிலாளியின் கைக்கே வந்து சேருகின்றன. ஒரு மில்லிமீற்றர் ஆழத்தை உணரும் அக்கை தவறின் எந்த உயர்ந்த ஒட்டுவகையாலும் பயனில்லை. கொள்ளும் அளவைத் தீர்மானிப்பது கொள்பவரின் தேவையன்று, கொடுக்கும் மரத்தின் ஆற்றலே என்பதே ஒன்றரை நூற்றாண்டு கால இறப்பர் ஆராய்ச்சி கற்பிக்கும் பாடமாகும்.