இணையவழி உளவியல் முனைவர் படிப்பு

இணையவழி உளவியல் முனைவர் படிப்பு என்பது, நாள்தோறும் வகுப்பறைக்குச் செல்லாமல், பாடங்களையும் கலந்துரையாடல்களையும் இணையத்தின் வழியே பெற்று உளவியலில் முனைவர் பட்டத்திற்குப் படிக்கும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை பரவலாக உள்ளது. இந்தியாவில் இவ்வழியில் பெறும் முனைவர் பட்டம் ஏற்கப்படுவதில்லை. வாலாஜாபேட்டை, ஆம்பூர் போன்ற ஊர்களில் பணிபுரிந்துகொண்டே ஆய்வு செய்ய விரும்புவோர், கட்டணம் செலுத்தும் முன் இதனை அறிந்திருத்தல் நன்று.

கற்பித்தல் முறையும் பணிச்சுமையும்

அமெரிக்கப் படிப்புகளில் ஒவ்வொரு வாரமும் படிக்கவேண்டிய நூற்பகுதிகளும் ஆய்வுக் கட்டுரைகளும் குறிக்கப்படும். மாணவர் தம் கருத்தைக் கட்டுரையாக எழுதி வகுப்பின் இணையப் பலகையில் இடவேண்டும். உடன் பயில்வோரின் கட்டுரைகளுக்கும் மறுமொழி எழுதவேண்டும். வகுப்பறையில் பேசாமல் அமர்ந்திருப்பவர் தப்பிவிடலாம், இங்கு எழுதாதவர் வராதவராகவே கருதப்படுவார். அந்நாட்டு விதிப்படி ஒரு மதிப்பலகு என்பது வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பும், அதற்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பும் ஆகும். எனவே மூன்று அலகுப் பாடங்கள் இரண்டினை எடுத்தால் வாரத்திற்கு 18 மணி நேரம் தேவை. ஆய்வேட்டுப் பணி இதில் அடங்காது.

நேரில் கற்கவேண்டியவை

உளவியலின் எல்லாப் பகுதிகளையும் திரை வழியே கற்பிக்க இயலாது. எடுத்துக்காட்டாக, 1955இல் வெளியான பாட்டியாவின் செயல்வழி நுண்ணறிவுச் சோதனையில், வண்ணக் கட்டைகளை அடுக்கி வடிவம் அமைப்பது ஒரு பகுதி. சோதிப்பவர் நேரத்தைக் கணக்கிடுவதோடு, எதிரில் இருப்பவர் எங்கே தயங்குகிறார், எப்போது சலிப்படைகிறார் என்பதையும் காணவேண்டும். அவர் அதைச் சரியாகச் செய்கிறாரா என்பதை நெறியாளர் அருகிலிருந்து கவனிக்கவேண்டும். தொலைவிலிருந்து கற்போருக்காக 1974இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஃபீல்டிங் நிறுவனமும் மாணவர்களை நேரடிக் கூடல்களுக்கு அழைக்கின்றது.

இந்தியாவில்

பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே தொலைநிலை முனைவர் படிப்பைத் தடை செய்தது. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் தடை தொடர்கின்றது. வெளிநாட்டு நிறுவனங்களுடன் இணைந்து இணையவழி முனைவர் பட்டம் அளிப்பதாகக் கூறும் விளம்பரங்களை நம்பவேண்டாம் என 2022 அக்டோபரில் அக்குழு எச்சரித்தது. உளவியலை ஒரு பாடமாகக் கொண்ட பிற பட்டங்களையும் 2025ஆம் கல்வியாண்டு முதல் இணைய, தொலைநிலை வழிகளில் நடத்தலாகாது என ஆணையிட்டது.

பணியில் இருப்போருக்குப் பகுதிநேரப் படிப்பு உண்டு. இதற்குப் பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று பெறவேண்டும். படிக்கப் போதிய நேரம் கிடைக்கும் என்பதையும், தேவைப்பட்டால் பாடப்பகுதியை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்பதையும் அச்சான்று கூறவேண்டும். மேலதிகாரியிடம் இதைப் பெறுவதே பலருக்கு முதல் தேர்வு எனலாம்! பாடப்பகுதி குறைந்தது 12 மதிப்பலகுகள். ஓர் அலகுக்கு 15 மணி எனக் கொண்டால் 180 வகுப்பு மணிகள். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தோன்றி முன்னேற்றத்தை விளக்கவேண்டும். குறைந்த காலம் மூன்று ஆண்டுகள், வழக்கமான உச்சவரம்பு ஆறு ஆண்டுகள். பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் வரை சலுகை உண்டு.

உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அதனால் மட்டும் மருத்துவ உளவியலாளர் ஆகிவிடுவதில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம், தான் ஏற்றுக்கொண்ட நேரடிப் பயிற்சிப் படிப்பை முடித்தவர்களையே அவ்வாறு பதிவு செய்து வந்துள்ளது.