யூனிட்டுக்கு 67 ரூபாய்

வேலூர் பாகாயத்திலிருந்து வடக்கே பாலாற்றுக்கு ஏழெட்டு கிலோமீட்டர். மலையடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு அது பெரும்பாலும் பாலத்தின் மேலிருந்து பார்க்கிற மணல்வெளிதான். 348 கிலோமீட்டர் ஓடும் ஆற்றில் 222 தமிழ்நாட்டில் இருக்கிறது. ஓடுவதற்குத் தண்ணீர்தான் பல வருடங்களில் இருப்பதில்லை.

2021 நவம்பர் 19 அன்று இருந்தது. வாலாஜா அருகே பாலாறு அணைக்கட்டில் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் போனது. மோர்தானா அணையின் கொள்ளளவு சுமார் 261 மில்லியன் கன அடி. இந்த வேகத்தில் விட்டால் 44 நிமிடத்தில் நிரம்பிவிடும். 1,474 மில்லியன் கன அடி பிடிக்கும் காவேரிப்பாக்கம் ஏரிக்கு நாலு மணி நேரம் சொச்சம். ஒரு நாள் முழுக்க இப்படியே போனால் 8.64 டிஎம்சி.

இதற்கு முன் இப்படி வந்தது 1903 நவம்பரில். மேலே கர்நாடகத்தில் பேத்தமங்கலம் ஏரி உடைந்த வருடம் அது. வாணியம்பாடியில் சுமார் 200 பேர் போனார்கள். 2021இல் பெரிய சாவு ஆற்றில் விழவில்லை. பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள், அதில் 4 பேர் குழந்தைகள்.

வந்த தண்ணீருக்குக் கணக்கு வைக்க அரசுத் துறை இருக்கிறது. வடிந்த பிறகு வீட்டுக்காரர் போடும் கணக்குதான் எழுதப்படுவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரையில் ஒரே ஒரு அங்குலம் சேறு நின்றால் 10 கன அடி. ஈரச் சேறு லிட்டருக்கு 1.7 கிலோ என்று வைத்தால் ஏறக்குறைய 480 கிலோ, அரை டன். இரும்புச் சட்டிக்கு 15 கிலோ என்று அள்ளினால் 32 நடை. நாலு அங்குலம் நின்றால் 128 நடை. இது வெறும் அள்ளுகிற கணக்கு. அதற்குப் பிறகு கழுவ வேண்டும், அந்த நேரம் பார்த்துத்தான் குழாயில் தண்ணீர் வராது.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிகளில் இடிபாடு அகற்றப் பணம் உண்டு, ஆனால் பொது இடத்துக்கு மட்டும். வீட்டுக்குள் புகுந்த சேற்றுக்குத் தலைப்பே இல்லை. துணிக்கும் பாத்திரத்துக்கும் உண்டு: 2021இல் நடப்பிலிருந்த விகிதப்படி குடும்பத்துக்கு 1,800, 2,000. இப்போது தலா 2,500. வீடு அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும், இல்லையேல் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். ஒன்றரை நாளில் வடிந்த வீட்டில் அரிசி என்ன காய்ந்தா கிடக்கும்? குடிசைக்கு அப்போது 4,100, இப்போது விதிப்படி 8,000; 2024இல் ஃபெஞ்சல் புயலுக்கு மாநில அரசு 10,000 அறிவித்தது. கோழிக்கு 50 ரூபாய் இருந்தது 100 ஆகியிருக்கிறது.

என்னை அதிகம் உறுத்துவது நிலத்துக்கான விதிதான். வயலில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால், அதை அகற்றச் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். கேட்க நல்ல தொகைதான். லாரிக்காரர் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 43,560 சதுர அடி. கால் அடி உயரம் என்றால் 10,890 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட், ஆக 109 யூனிட். ஏக்கருக்குக் கிடைப்பது 7,284 ரூபாய். யூனிட்டுக்கு 67 ரூபாய்! முக்கால் லிட்டர் டீசல் கூட வராது. அதற்குள் ஜேசிபி அள்ளி, டிராக்டர் சுமந்து, எங்கேயோ கொட்டியும் ஆக வேண்டும். 2021 விகிதமான 12,200இல் யூனிட்டுக்கு 45 ரூபாய்தான். இதே மணல் ஆற்றில் கிடந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அள்ளிப்போக ஆள் வரிசையில் நிற்கும்.

தோல் தொழிலில் நஷ்டம் வேறு மாதிரி. பச்சைத்தோலைக் கெடாமல் காப்பது உப்பு. வெள்ளம் குடோனுக்குள் வந்தால் முதலில் கரைவது அதுதான். பிறகு தோல் அழுகத் தொடங்கும், ரோமம் கையோடு வரும், அந்த நாற்றத்தில் விலை பேச யாரும் வரமாட்டார்கள். கைவினைஞர், கைத்தறியாளர் என்றால் கருவிக்கு 5,000, மூலப்பொருளுக்கு 5,000 என்று விதியில் இருக்கிறது. ஆம்பூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைக்கிற பெண்ணுக்கென்று தனித் தலைப்பு இல்லை.

சில செலவு தாமதமாக வரும். 2021 வெள்ளம் வந்து ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 23 அன்று, திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவே, பாலாற்றில் சேரும் பொன்னையாற்றின் ரயில் பாலத்தில் விரிசல் தெரிந்தது. சென்னை, காட்பாடி மார்க்கத்தில் ரயில்கள் வரிசையாக ரத்தாயின.

இதே ஆற்றங்கரை நிலத்துக்கு இன்னொரு பேரேடும் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையடுத்து அமைந்த ஆணையம் 2001 மார்ச்சில் 547 தொழிற்சாலைகளுக்கு எதிராக, 29,193 பேருக்கு, 15,164.96 ஹெக்டேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்தால் ஆளுக்கு 9,187, ஹெக்டேருக்கு சுமார் 17,686. வெள்ளத்தில் ஒரு போக நெல் போனால் பாசன நிலத்துக்கு இன்றைய நிவாரணம் ஹெக்டேருக்கு 17,000. ரூபாயின் மதிப்பு வேறு, காலம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 17,686 ஒரு போகத்துக்கானதல்ல, 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரைக்குமானது. வருடத்துக்கு 2,400 ரூபாய் தேறாது. விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுத்து, தொகையை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2025 ஜனவரி 30 அன்று, முதல் தீர்ப்பிலிருந்து 28 வருடம் 5 மாதம் கழித்து.